எண்பதைத் தொட்டால் நடுக்கம்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையில் என் சிநேகிதர் ஒருவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். குடியிருப்பது பெரம்பூரில். தினந்தோறும் காரில்தான் போய் வருகிறார். மனிதர் சாது. காரும் சாதுவாகத்தான் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் திடீரென்று அந்தக் காருக்கு ஒரு வியாதி கண்டது.

மாதவரம், புழல், செங்குன்றம் வரையில் ஒரு தொந்தரவும் கிடையாது. நல்லூர் சுங்கச் சாவடியைத் தாண்டி, வேகமுள் எண்பதைத் தொட்டதோ இல்லையோ, ஸ்டியரிங் கைக்குள் நடுங்க ஆரம்பித்துவிடும். தொண்ணூறில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். "குளிர் ஜுரக்காரன் கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது சார்" என்றார் சிநேகிதர். ஆனால் நூற்றுப் பத்தைத் தாண்டினால் நடுக்கம் பாதி அடங்கிவிடுகிறதாம். ஆகவே அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எண்பதில் நடுங்குகிறதா? நூற்றுப் பத்தில் போ!

இந்த வைத்தியத்தைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. பின்னால் கன்டெய்னர் லாரி. இடது பக்கம் எதிர்த் திசையில் வரும் மோட்டார் சைக்கிள். இந்த நெரிசலில் காரணம் தெரியாத ஒரு நடுக்கத்தை வேகத்தால் மூடி மறைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு சூளூர்ப்பேட்டை வரைக்கும் போய் வந்திருக்கிறார் மனிதர்.

"ஒர்க்‌ஷாப்பில் காட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"ஒன்றல்ல, மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்தாகிவிட்டது" என்று பில்களை எடுத்துப் போட்டார். முதல் இடத்தில் வீல் அலைன்மென்ட் செய்தார்கள். நடுக்கம் போகவில்லை. இரண்டாவது இடத்தில் நான்கு சக்கரங்களுக்கும் பாலன்ஸிங் செய்தார்கள். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு பழைய கதை. மூன்றாவது இடத்தில் முன்பக்க ஷாக் அப்ஸார்பர் இரண்டு, கீழ் ஆர்ம் இரண்டு, புதிதாகப் போட்டார்கள். மொத்தம் பதினெட்டாயிரம் ரூபாய் சொச்சம். நடுக்கம் மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தது.

மூன்று இடங்களிலும் யாராவது ஒருவர் அவரோடு காரில் ஏறி, எண்பது கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்களா? இல்லை. எப்போது நடுங்குகிறது, எங்கே நடுங்குகிறது என்று கேட்டார்களா? அதுவும் இல்லை. இவர் "வண்டி ஆடுகிறது, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். ஜுரம் என்று வந்தவனுக்கு நாடியைப் பார்க்காமல் அலமாரியில் இருக்கும் மருந்தை வரிசையாக ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

இதில் ஒர்க்‌ஷாப்காரரை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் எண்பதில்?

குறைந்த வேகத்தில் இல்லாத நடுக்கம் ஏன் எண்பதில் வருகிறது? வந்தது ஏன் நூற்றுப் பத்தில் அடங்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி வியாதி புரிந்த மாதிரி.

சாதாரணக் காரின் சக்கரம் ஒரு முறை சுழன்றால் ஏறக்குறைய 1.9 மீட்டர் தூரம் போகும். மணிக்கு 90 கிலோ மீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் வினாடிக்குப் பதின்மூன்று முறை சுழல்கிறது. இப்போது அந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைகூட இல்லை. ஆனால் அந்தச் சுழற்சியில் இந்த 20 கிராம், இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. அதுவும் ஒரே திசையிலா? மேலே, முன்னே, கீழே, பின்னே என்று வினாடிக்குப் பதின்மூன்று முறை திசை மாறி மாறி இழுக்கிறது. வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்காகிவிடும். அதனால்தான் பெரம்பூர் வீதிகளில் அது தன் முகத்தைக் காட்டுவதில்லை.

சரி, நூற்றுப் பத்தில் இழுப்பு இன்னும் அதிகமாக அல்லவா வேண்டும்? அதிகம்தான். ஆனால் இங்கே ஊஞ்சலின் கதை குறுக்கே வருகிறது. ஊஞ்சலை அது வந்து போகும் தாளத்தோடு சேர்த்துத் தள்ளினால் சுண்டு விரலே போதும், உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் போகாது. ஸ்பிரிங்குக்கும் டயரின் காற்றுக்கும் நடுவில் தொங்குகிற சக்கரமும் ஓர் ஊஞ்சல்தான். பெரும்பாலான கார்களில் அதன் சொந்தத் தாளம் வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை. எண்பதிலிருந்து நூறு வரை போகும்போது சக்கரத்தின் சுழற்சி இந்தத் தாளத்தோடு சரியாகப் பொருந்திவிடுகிறது. அதைத் தாண்டினால் தாளம் தப்பிவிடுகிறது. கோளாறு அப்படியே இருக்கிறது; கைக்குத் தெரிவதுதான் குறைகிறது. சிநேகிதரின் நூற்றுப் பத்து வைத்தியம் எவ்வளவு பொல்லாதது என்று இப்போது தெரிகிறதல்லவா?

எங்கே, எப்போது?

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்பே, காரை ஓட்டுகிறவர் தாமாகவே தெரிந்துகொள்ளக் கூடியவை எத்தனையோ இருக்கின்றன. காசு செலவில்லை. ஆயுதம் வேண்டாம்.

நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். ஆசனத்தின் அடியில், முதுகில் தெரிந்தால் பின் சக்கரம். இது கண்டிப்பான சட்டம் அல்ல. ஆனால் பத்துக்கு எட்டுத் தடவை வழி காட்டும். சந்தேகம் இருந்தால் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கமும் கையிலிருந்து ஆசனத்துக்கு இடம் மாறினால், குற்றவாளி சக்கரம்தான், வண்டியின் மற்ற பாகங்கள் அல்ல என்று தீர்ந்துபோகிறது. அப்புறம் ஷாக் அப்ஸார்பரின் பக்கம் யாரும் போகவே வேண்டாம்.

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் உதறுகிறதா? அப்படியானால் சக்கரத்தை விடுங்கள், பிரேக் டிஸ்கைப் பாருங்கள். டிஸ்கின் கனம் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தேய்ந்திருக்கும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்தவுடன் அதே வேகத்திலேயே அடங்கிவிடுகிறதா? சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் அச்சுத் தண்டின் உள்முனை ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங் போயிருக்கலாம். இதைச் சோதிக்க நியூட்ரலில் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. காலியான நேர்ச் சாலையில் மட்டும் செய்யுங்கள். எஞ்சினை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள். அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். காரை நிறுத்தி வைத்து எஞ்சினை அதே சுழற்சிக்கு முறுக்கினாலும் நடுங்குகிறது என்றால், சக்கரம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பின் சக்கரங்களை எஞ்சின் இழுக்கும் வண்டிகளில், 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸடர் போல, அடியில் ஒரு நீளமான தண்டு ஓடுகிறது. அது சக்கரத்தைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதில் கோளாறு என்றால் உதறலாகத் தெரியாது. வண்டு ரீங்காரம் இடுவது போல உடம்பெல்லாம் பரவும். அம்பாஸடர் காலத்தில் இந்தச் சக்கர நடுக்கத்தைப் பற்றி அதிகம் பேச்சு அடிபடாததற்குக் காரணம், வண்டி உத்தமமாக இருந்தது அல்ல. அந்தச் சாலையில் அந்த வண்டியை எண்பதில் வெகுநேரம் ஓட்டியவர்கள் குறைவு, அவ்வளவுதான்!

இன்னும் ஒன்று. டயர் மாற்றிய மறுநாளே நடுக்கம் வந்தால், வேறு யோசனையே வேண்டாம். உடனே வண்டியை ஓரம் கட்டி, சக்கர நட்டுகளை முடுக்கிப் பாருங்கள்.

அலைன்மென்ட் என்னும் சர்வரோக நிவாரணி

நம் ஊரில் அலைன்மென்டையும் பாலன்ஸிங்கையும் ஒரே மூச்சில், இட்லி சட்னி என்பது போலச் சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலான பலகைகளில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டும் வேறு வேறு. சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா, ஒன்றையொன்று கோணிப் பார்க்கின்றனவா என்பது அலைன்மென்ட். அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரத்தில் தேயும். நடுங்குவது அபூர்வம். நடுங்கும் காருக்கு முதல் சிகிச்சையாக அலைன்மென்ட் செய்வது, பல்வலிக்காரனுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டுவதற்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

பாலன்ஸிங்கும் எல்லாவற்றையும் தீர்க்காது. அந்த இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றி, எந்தப் பக்கம் எடை அதிகம் என்று கண்டுபிடித்து, எதிர்ப் பக்கத்தில் சிறு கட்டியை ஒட்டச் சொல்லுகிறது. எடையைச் சரி செய்யும். உருண்டையைச் சரி செய்யுமா? முட்டை வடிவமான ஒரு சக்கரத்துக்குக்கூட எடையைச் சமப்படுத்திவிட முடியும். ஆனால் அது தரையில் உருளும்போது சும்மா இருக்குமா?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் சக்கரங்கள் உருண்டை கெடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. உருக்கு ஆலைகளும் உருட்டு ஆலைகளும் நிறைந்த வட்டாரம். பாரம் ஏற்றிய லாரிகள் உழுதுபோட்ட அணுகு சாலைகள். மழை பெய்தால் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாது. ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம் வளைந்துவிடும். டயரின் உள்ளே நூலோ எஃகுக் கம்பிப் படலமோ அறுந்துவிடும். மழைக் காலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பிக் காய்ந்துபோகும். மறுநாள் நெடுஞ்சாலையில் கார் ஆடும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் போதும்! இதற்கே பணம் அழுதவர்களை நான் அறிவேன். பல வாரம் ஓடாமல் நின்ற காரின் டயர் அடியில் தட்டையாகி, முதல் சில கிலோ மீட்டருக்கு உதறிவிட்டு, சூடேறியதும் தானே சரியாகிவிடுவதும் உண்டு.

இவ்வளவுக்கும் சக்கரத்துக்கும் டயருக்கும் பேர் போன பிரதேசம் இது. கே.எம். மாமன் மாப்பிள்ளை 1946-ல் பலூன் செய்யத் தொடங்கி, பிறகு எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது திருவொற்றியூரில். டன்லப் ஆலை இருந்தது அம்பத்தூரில். சக்கரங்கள் செய்யும் வீல்ஸ் இந்தியா பாடியில். திருவள்ளூரிலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் பல ஆண்டுகள் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராகி வந்தன. காரின் அங்கங்களை இவ்வளவு நுட்பமாகச் செய்யத் தெரிந்த கைகள் நிறைந்த இந்த ஊர்ப் பக்கத்தில், வந்த காரின் வியாதி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் இந்தச் சாலைக்குப் புதிதும் அல்ல. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல்லாண்டு காலம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்திற்று. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. பந்தயக் காரின் மெக்கானிக் என்ன செய்வார்? ஓட்டியவன் வந்து இறங்கியதும் முதலில் அவனைத்தான் விசாரிப்பார். எந்த வளைவில், எந்த கியரில், மிதித்தபோதா விட்டபோதா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஸ்பானரில் கை வைப்பார்.

பஞ்சர் கடைப் பெரியவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரோடு நானும் கிளம்பினேன். தொண்ணூறில் நடுக்கம், சொன்னபடியே ஆஜர். கவரைப்பேட்டை அருகே சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடை. காற்றழுத்தத்தையாவது பார்ப்போம் என்று நிறுத்தினோம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். சிநேகிதர் தம் புராணத்தைச் சொல்லத் தொடங்கியதும் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஸ்டியரிங்லயா சார், சீட்லயா?"

"ஸ்டியரிங்கில்தான்."

"பிரேக் அடிச்சாதானா?"

"இல்லை, சும்மா போனாலே."

"சரி, மெல்லப் போறப்போ, முப்பது நாப்பதுல, வண்டி வாத்து நடக்கிற மாதிரி லேசா அசையுதா?"

சிநேகிதர் விழித்தார். யோசித்தார். "ஆமாம் ஐயா, செங்குன்றம் மார்க்கெட் பக்கம் மெல்லப் போகும்போது ஏதோ ஒரு அசைவு இருக்கும். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

பெரியவர் அதற்கு மேல் பேசவில்லை. முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். இடது சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. சாக்குக் கட்டி ஒன்றை எடுத்து, டயருக்கு மயிரிழை தூரத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார். சுற்றின் பெரும்பகுதியில் கட்டி படவே இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அங்கே டயரின் முகம் வீங்கியிருந்தது. உள்ளே எஃகுக் கம்பிப் படலம் ரப்பரை விட்டுப் பிரிந்துவிட்டது என்றார். பாலன்ஸிங் செய்ததும் இரண்டு நாள் குறைந்தது; வீக்கம் வளர வளர நடுக்கம் திரும்பி வந்தது. கணக்கு இப்போது சரியாகப் பொருந்திற்று.

டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தையும் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு வருஷம். டயருக்கு வயது ஏழு. மேலே தேய்மானம் அதிகமில்லை. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. இப்படி வீங்கிய டயர் வெயிலில், வேகத்தில் சூடேறினால் மேல்பட்டை உரிந்து பறக்கும் அல்லது வெடிக்கும். நூற்றுப் பத்தில் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சிநேகிதரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கண் பின் சீட்டில் கிடந்த குழந்தையின் தொப்பி மேல் போயிற்று.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு எளாவூர் வரை போய்த் திரும்பினோம். எண்பது, தொண்ணூறு எல்லாம் தாண்டியும் ஸ்டியரிங் ஆடாமல் அசையாமல் இருந்தது.

யார் கூலி கொடுப்பது?

மூன்றாவது ஒர்க்‌ஷாப்பின் சொந்தக்காரரைப் பிறகு நான் சந்தித்துப் பேசினேன். கோபமாகத்தான் போனேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "சார், ஊருக்குள் எங்கே எண்பதில் ஓட்டிப் பார்ப்பது? நல்லூர் தாண்டிப் போய் வர ஒன்றரை மணி நேரம். டோல் கட்டணம், பெட்ரோல், என் ஆளின் அரை நாள் வேலை. அதற்கு ஐந்நூறு ரூபாய் பில் போட்டால் எந்த வாடிக்கையாளர் கொடுக்கிறார்? 'ஓட்டிப் பார்த்ததற்குக் காசா?' என்று சண்டைக்கு வருகிறார்கள். சாமான் மாற்றினால் மட்டும் பேசாமல் கொடுக்கிறார்கள்" என்றார்.

இதுதான் வியாதியின் மூலம். டாக்டரிடம் போனால் மருந்துக்குத் தனி, பார்த்ததற்குத் தனி என்று கொடுக்கப் பழகிவிட்ட நாம், மெக்கானிக்கின் காதுக்கும் கைக்கும் மூளைக்கும் காலணா கொடுக்க மாட்டேன் என்கிறோம். பொருளைக் காட்டினால்தான் பணம் என்றால், அவர் பொருளைத்தானே காட்டுவார்? தேவை இல்லாத ஆர்மும் ஷாக் அப்ஸார்பரும் இப்படித்தான் நம் வண்டிக்குள் வந்து உட்காருகின்றன.

ஆகவே ஒர்க்‌ஷாப்காரர்கள் துணிந்து ஒரு பலகை மாட்ட வேண்டும்: ஓட்டிப் பார்த்துக் கோளாறு சொல்ல இவ்வளவு ரூபாய் என்று. கார்க்காரரும் முனகாமல் அதைக் கொடுத்து, கூடவே ஏறி உட்கார்ந்து, நடுக்கம் வரும் இடத்தைத் தாமே காட்ட வேண்டும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தொழிற் பயிற்சி நிலையங்களில் பாகங்களைக் கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுப்பதோடு, வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளையும் சொல்லிக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

சிநேகிதர் இப்போது இரண்டு முன் டயர்களையும் புதிதாக மாற்றிவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. அன்றைக்குக் கவரைப்பேட்டையில் புறப்படும்போது பெரியவர் நூறு ரூபாய் கேட்டார். மூன்று இடங்களில் பதினெட்டாயிரத்தைப் பேசாமல் எண்ணிக் கொடுத்த அதே மனிதர், பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "சக்கரத்தைச் சுத்திப் பார்த்ததுக்கு நூறு ரூபாயா? அறுபது வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார்.